புளியங்கொட்டைச் சிதைவு: பிளஸ் டூ கணித ஆய்வகக் குறிப்பு

8.7.2024, திங்கள். தர்மபுரி

கதிரியக்க அணுக்கள் சிதைவதைப் புளியங்கொட்டை குலுக்கிப் பார்க்கும் பயிற்சி: வெள்ளை மேலே விழுந்த கொட்டை 'சிதைந்தது', மற்றவை மீதி. முதலில் கொட்டை தேய்க்கும் வேலை. குழுவுக்கு 100. புளி உடைக்கும் வீடு இந்தப் பக்கம் எல்லாத் தெருவிலும் உண்டு, காசு செலவில்லை. தாயம் ஆடத் தேய்க்கிற அதே முறைதான்: கருங்கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு பக்கம் மட்டும், பழுப்புத் தோல் போய் வெள்ளை தெரியும்வரை. புழு துளைத்ததும் பிளந்ததும் கழிவு. வகுப்பில் தேய்த்தால் ஒரு பீரியட் முழுதாகப் போய்விடும். ஆளுக்கு 25 என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம்.

10.7.2024, புதன்

டப்பாவில் குலுக்கி, விளிம்பு உள்ள தாம்பாளத்தில் கொட்ட வேண்டும். சிமெண்ட் தரையில் கொட்டினால் நாலைந்து கொட்டை பெஞ்சுக்கு அடியில் ஓடிவிடும், அதுவும் 'சிதைந்தது' கணக்கில் சேர்ந்துவிடும். வெள்ளை மேலே விழுந்ததை ஒதுக்கிவிட்டு, மீதியை எண்ணி மறுபடி குலுக்க வேண்டும். ஒதுக்கியதும் மீதியும் கூட்டினால் முந்தைய எண் வருகிறதா என்று ஒவ்வொரு வீச்சுக்கும் சரிபார்ப்பு. ஓரமாக நிற்கும் கொட்டை எதில் சேரும் என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

ஒரு குழுவின் அட்டவணை: 100, 57, 34, 20, 13, 9, 7, 6, 4, 4.

அனுமானம் ஒன்றுதான்: ஒவ்வொரு வீச்சிலும் ஒரே விகிதம் மிஞ்சும்.

12.7.2024, வெள்ளி

ஹைடெக் லேப், லிப்ரே ஆபீஸ் கால்க் (அட்டவணைக் கணக்கு மென்பொருள்). முதல் நிரலில் வீச்சு எண் 0 முதல் 9, அடுத்ததில் மீதி. வரைபடம் 'எக்ஸ்-ஒய் ஸ்கேட்டர்' வகையாக இருக்க வேண்டும். எக்ஸ்பொனென்ஷியல் ட்ரெண்ட்லைன் (வீச்சுக்கு ஒரே மடங்கில் குறையும் பொருத்தக் கோடு) போட்டால் வந்த விடை: தொடக்கம் 72, வீச்சுக்கு 0.70 மடங்கு, ஆர்-வர்க்கம் (கோடு எவ்வளவு ஒட்டுகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.96. 0.96-ஐப் பார்த்ததும் பிள்ளைகள் நோட்டை மூடிவிடுகிறார்கள். தாம்பாளத்தில் போட்டது 100. கோடு 72-இல் தொடங்குகிறதே என்று கேட்டால்தான் மறுபடி திறக்கிறார்கள்.

'லைன்' வகை வரைபடம் போட்ட குழுவுக்குத் தொடக்கம் 103 வந்தது, அவர்களுக்கு ஒரே குஷி. லைன் வகையில் கால்க் முதல் நிரலின் எண்களைப் பார்க்காமல் 1, 2, 3 என்று தானாக எண்ணிக்கொள்ளும். கோடு ஒரு படி நகர்ந்து, தற்செயலாக 100-க்கு அருகே வந்து நிற்கிறது. 72-ஐ விட இந்த 103 ஆபத்தானது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

72 எப்படி வந்தது? கால்க் மடக்கை எடுத்துவிட்டுத்தான் மீச்சிறு வர்க்கம் (விலகல்களின் வர்க்கக் கூட்டல் மிகக் குறைவாக வரும் கோடு) போடுகிறது. 4-க்குப் பதில் 5 இருந்தாலும், 57-க்குப் பதில் 71 இருந்தாலும் அதற்கு ஒரே அளவு விலகல். வால் பகுதியின் ஓரிரு கொட்டைகள் கோட்டையே இழுத்துவிடும். மீதி 0 வந்தால் அந்த வரிசையைச் சேர்க்கக் கூடாது, 0-க்கு மடக்கை கிடையாது.

ஒய் அச்சை மடக்கை அளவுக்கு மாற்றினால் முதல் நான்கு புள்ளிகள் நேர்கோட்டில் நிற்கின்றன, பிறகு வளைவு. அந்த நான்கை மட்டும் பொருத்தினால் தொடக்கம் 99, மடங்கு 0.59.

16.7.2024, செவ்வாய்

வளைவு ஏன்? ஐந்து வீச்சு தாண்டி மிஞ்சிய 9 கொட்டைகளை மட்டும் தனியாக 10 முறை போட்டுப் பார்த்தோம். எல்லாம் ஒரே மாதிரி, வீச்சுக்கு 0.59 மிஞ்சும் என்றால் 90-இல் சுமார் 37 வெள்ளை வர வேண்டும். வந்தது 21. கையில் எடுத்துப் பார்த்தால் தெரிகிறது: அதிகம் தேய்ந்து வெள்ளைப் பக்கம் தட்டையாகிவிட்டவை. தட்டைப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொள்ள, பழுப்பு மேலேயே நிற்கிறது. சீக்கிரம் விழுபவை முதலில் வெளியேற, பிடிவாதக்காரர்கள் மிஞ்சுகிறார்கள். கார்பன்-14 அணுக்கருக்களுக்குள் இப்படி வித்தியாசம் இல்லை. அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 5,730 ஆண்டு என்பது மிஞ்சியவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

18.7.2024, வியாழன்

பைத்தான் நிரலில் அதே ஆட்டம். 85 கொட்டைக்கு வெள்ளை வாய்ப்பு 0.5, மீதி 15-க்கு 0.15 என்று இரண்டு வகை வைத்தால் சராசரி 55, 32, 20, 13, 9, 7 என்று போகிறது. அட்டவணையோடு நன்றாக ஒட்டுகிறது.

இதில் பொறி ஒன்று. 'ஃபார்' சுழலில் பட்டியலைப் படித்துக்கொண்டே அதிலிருந்து நீக்கினால், நீக்கியதற்கு அடுத்த கொட்டை பார்க்கப்படாமலே தாண்டிப்போகும். பிழைச்செய்தி எதுவும் வராது. வாய்ப்பு 0.5 கொடுத்தும் 100-இல் சுமார் 67 மிஞ்சினால் காரணம் இதுதான். மிஞ்சியவற்றைப் புதுப் பட்டியலில் சேர்த்தால் தீர்ந்தது. ஒருமுறை ஓட்டிய விடையை நம்பவும் வேண்டாம்: நான்காம் வீச்சின் 13 சில ஓட்டத்தில் 9, சிலவற்றில் 17. குறைந்தது 200 முறை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும்.