பறக்காத நாளின் கூலி

சேலத்துத் திருமண வீடியோக்காரர்கள் ட்ரோனை இன்றும் ‘ஹெலிகேம்’ என்றுதான் சொல்கிறார்கள். ஸ்டுடியோக்கள் பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் கொடுக்கும் விலைப்பட்டியலில் ஆல்பம், எல்.இ.டி. திரை, ஹெலிகேம் என்று அதுவும் ஒரு வரியாக வரும். பல நேரங்களில் அந்த வரிக்கு எதிரே தொகை இருக்காது, ‘இலவசம்’ என்று எழுதியிருக்கும். 2022 ஆவணியில் அப்படி ஒரு வரியாகத்தான் நான் ட்ரோன் பறக்கவிடும் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தேன். அஸ்தம்பட்டிப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் என்னை முதல் முகூர்த்தத்துக்கு அழைத்தபோது எவ்வளவு கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. “மத்தவங்க எவ்வளவுங்கண்ணா வாங்கறாங்க?” என்று அவரிடமே கேட்டேன். “மூவாயிரத்து ஐந்நூறு” என்றார். விலையைக் கொடுப்பவரிடமே விலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த ஒன்றரை ஆண்டுகள் அந்தத் தொகையே என் விலையாக இருந்தது.

வாடிக்கையாளர்கள் எங்கள் வேலையை நிமிடத்தில் அளக்கிறார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் அவர்கள் கண்ணுக்குத் தெரிவது அது மட்டும்தான். பெட்டியைத் திறக்கிறோம், இறக்கைகளை விரிக்கிறோம், ஒரு பேட்டரிக்கு இருபது இருபத்திரண்டு நிமிடம் பறக்கிறோம், இறக்கி மூடுகிறோம். ஓமலூர் சாலையில் மனை விற்பவர் ஒருவர், “இருபது நிமிஷம் பறக்கறதுக்கு இவ்வளவாங்க தம்பி?” என்று கேட்டபோது எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது. அன்று விலையைக் குறைத்தும் கொடுத்தேன். பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் என்னிடம் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும். இருந்தது எல்லாம் ‘மற்றவர்கள் வாங்குவது’ என்ற ஒரு எண் மட்டுமே.

அந்தக் கணக்கைப் போட வைத்தது ஏற்காட்டில் நடந்த ஒரு விபத்து. 2023 கார்த்திகையில், காபிப் பழம் பறிக்கும் பருவத்தில், நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டைப் படமெடுக்கச் சொன்னார்கள். மலை ஏறுவதற்காக ஐந்நூறு ரூபாய் மட்டும் கூட்டி நான்காயிரம் பேசியிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் விடியும் முன்னே ஏறி முடித்து, பங்களா முற்றத்தில் நின்றபோது வானம் தெளிவாகத்தான் இருந்தது. முதல் பேட்டரியில் முற்றத்தையும் காய்களத்தையும் எடுத்தேன். இரண்டாவது பேட்டரியை மாட்டும்போது கிழக்குச் சரிவிலிருந்து மஞ்சு, அதாவது மூடுபனி, மேலேறத் தொடங்கியது. எஸ்டேட் உரிமையாளர் வயதில் பெரியவர், அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். “மஞ்சு ஏறுது தம்பி, இன்னொரு நாள் பாத்துக்கலாமே” என்று அவராகவே சொன்னார். “பத்து நிமிஷத்துல முடிச்சிடறேங்க ஐயா” என்று சொல்லிவிட்டு நான் ட்ரோனை மேல்சரிவுக்கு அனுப்பினேன்.

மலையில் பறக்கும்போது ஒரு விஷயத்தை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். திரையில் தெரியும் உயரம், ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படும் உயரம். அதற்கு நேர்கீழே இருக்கும் தரையிலிருந்து கணக்கிடப்படுவது அன்று. முற்றத்தில் நின்று நாற்பது மீட்டர் என்று பார்த்துக்கொண்டிருக்கையில், மேல்சரிவில் அது தரையிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டராகச் சுருங்கியிருக்கலாம். மைதானத்தில் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு அறிவில் இருக்கும், கையில் இருக்காது. மஞ்சு மூடியதும் திரை வெளுத்தது. சரிவின் வளைவு இடையில் புகுந்ததால் சமிக்ஞையும் அறுந்தது. ட்ரோன் தானாகத் திரும்பும் நிலைக்குப் போய், நான் அமைத்திருந்த உயரத்தில், வந்த திசைக்கு நேர்கோடு போட்டுக்கொண்டு திரும்பியது. காபிக்கு நிழல் தர வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் அந்த நேர்கோட்டில் நின்றன.

மறுநாள் மிளகுக் கொடிகளுக்கு இடையே தேடி அதை எடுத்துக் கொடுத்தவர்கள் அங்கே பழம் பறிக்கும் பெண்கள். கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் உடைந்திருந்தது, இறக்கைகளைத் தாங்கும் கைகளில் இரண்டு முறிந்திருந்தன. பழுதுபார்க்க 38,000 ரூபாய் ஆயிற்று. கீழே யாரும் இல்லாத சரிவில் அது விழுந்ததை இன்றும் பெரும் பேறாக நினைக்கிறேன். முக்கால் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பொருள் மரத்தின் உச்சியிலிருந்து பறிப்பவர்கள் நடுவே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு பல இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தப் பெரியவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஏன் பறந்தேன் என்பதை நெடுநாள் யோசித்தேன். திறமையைக் காட்டும் ஆசை என்று சொல்லிவிடலாம், ஆனால் அது உண்மையில்லை. மறுபடி ஒரு நாள் மலையேறி வந்தால் அந்த நான்காயிரம் இரண்டு நாள் கூலியாகப் பிளந்துவிடும். பெட்ரோலையும் எடிட்டிங் நேரத்தையும் கழித்தால் கையில் ஒன்றும் நிற்காது. எனவே பறந்தே ஆகவேண்டும் என்ற நிலையில் நான் மலை ஏறியிருக்கிறேன். என்னை நெருக்கியது வாடிக்கையாளர் அல்லர், நானே சொன்ன விலைதான். குறைந்த விலை என் வருமானத்தைத்தான் குறைக்கும் என்று அதுவரை எண்ணியிருந்தேன். ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையையும் அது பறித்துவிடுகிறது என்பதை அந்த மலைச்சரிவில்தான் கண்டேன்.

பழுதுக்குக் கொடுத்துவிட்டுக் கையில் கருவியில்லாமல் இருந்த மார்கழி மாதத்தில், ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ட்ரோன், கூடுதல் பேட்டரிகள், டேப்லெட், ஃபில்டர்கள் எல்லாம் சேர்த்து 2,10,000 ரூபாய் முதலீடு. மூன்று ஆண்டுக்கு மேல் அது தாங்கும் என்று எண்ணுவதில் பொருளில்லை என்பதால் ஆண்டுக்கு 70,000. காப்பீட்டுக்கும் பழுதுக்கும் 30,000. கணினி, ஹார்ட் டிஸ்க், எடிட்டிங் மென்பொருள் 40,000. வண்டி, பெட்ரோல், தொலைபேசி 40,000. மொத்தம் 1,80,000. இது நான் ஒரு கவளம் சோறு உண்பதற்கு முன்பே போய்விடும் பணம். வீட்டுக்கு மாதம் முப்பதாயிரம் வேண்டும் என்று வைத்தால் ஆண்டுக்கு 3,60,000. இரண்டும் சேர்த்து 5,40,000.

அடுத்து, எத்தனை நாட்கள் பறந்தேன் என்று பழைய நாட்குறிப்புகளைப் புரட்டினேன். ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை. எஞ்சிய மாதங்களிலும் எல்லோருக்கும் ஒரே முகூர்த்த நாள்தான் நல்ல நாள். ஒரே வளர்பிறை ஞாயிறில் நான்கு பேர் அழைப்பார்கள், ஒருவருக்குத்தான் போக முடியும். அடுத்த பத்து நாட்களுக்கு யாரும் அழைக்கமாட்டார்கள். இப்படியாக ஆண்டுக்குத் தொண்ணூறு நாட்கள்தான் தேறின. பறந்த ஒவ்வொரு நாளுக்கும் எடிட்டிங்குக்கு ஒரு நாளாவது போனது. 5,40,000-ஐத் தொண்ணூறால் வகுத்தால் 6,000. நான் வாங்கிக்கொண்டிருந்த 3,500-ஐத் தொண்ணூறால் பெருக்கினால் 3,15,000. செலவு 1,80,000 போக மிச்சம் 1,35,000, அதாவது மாதத்துக்கு 11,250 ரூபாய். நல்ல வருமானம் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு தொழிலில், கருவியின் தேய்மானத்தைச் சிறிது சிறிதாக எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வாங்கிய பணத்தில் எது என்னுடையது, எது அந்தக் கருவியினுடையது என்று பிரித்துப் பார்க்காதவரை இது கண்ணில் படாது.

அந்த 6,000 எதுவும் கெடாத ஆண்டுக்கான கணக்கு என்பதால் சமவெளிக்கு நாளொன்றுக்கு 7,000 என்றும், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு 9,500 என்றும் வைத்தேன். மலைக்கு ஏன் கூடுதல் என்று கேட்பவர்களுக்குச் சாலையின் தூரத்தைச் சொன்னால் போதாது, அது முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு. அந்த மெல்லிய காற்றில் மிதந்து நிற்க இறக்கைகள் வேகமாகச் சுற்றவேண்டியிருப்பதால், அதே பேட்டரி சேலத்தில் கொடுக்கும் நேரத்தை ஏற்காட்டில் கொடுப்பதில்லை. விடிகாலைக் குளிரும் சேர்ந்துகொள்ளும். என் நாட்குறிப்பின்படி மலைக்குப் போன பத்துக் காலைகளில் ஆறில்தான் நினைத்தபடி பறக்க முடிந்திருக்கிறது. அந்த நான்கு காலைகளின் கூலியை யாராவது தரவேண்டும். இதுவரை என் குடும்பம்தான் தந்துகொண்டிருந்தது.

சட்டம் சார்ந்த வேலையும் விலைக்குள் வரவேண்டும் என்பது எனக்குத் தாமதமாகவே புரிந்தது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை ‘மைக்ரோ’ வகை. அவற்றைத் தொழிலுக்காகப் பறக்கவிடுபவருக்குத் தொலை விமானி சான்றிதழ் வேண்டும், ட்ரோனுக்குப் பதிவெண் வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். ட்ரோன் வரைபடத்தில் பச்சையாகக் குறித்த மண்டலத்தில் தரையிலிருந்து 400 அடி வரை அனுமதி கேட்காமல் பறக்கலாம். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அது 200 அடியாகக் குறையும். 8 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் தரையைவிட்டு எழும்பவே கூடாது. காமலாபுரத்தில் விமான நிலையம் இருப்பதால் ஓமலூர்ச் சுற்றுவட்டார மண்டபங்களுக்கு அழைப்பு வரும்போதெல்லாம் முதலில் வரைபடத்தைப் பார்க்கிறேன். அனுமதி எடுத்துத் தரவேண்டிய வேலை என்றால் அதற்குத் தனித்தொகை உண்டு, கிடைக்காவிட்டால் பறக்கமாட்டேன் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். ஆடித் திருவிழாவில் ஆயிரக்கணக்கானோர் நிற்கும் தெருவின் மேல் பறக்கச் சொல்லிக் கேட்பவர்களுக்கு எந்த விலையும் நான் சொல்வதில்லை. வருமானமில்லாத மாதத்தில் வரும் அழைப்பு அது, மறுப்பது எளிதாக இருக்கவில்லை.

விலையை ஏற்றியதும் முதலில் பேசியது அந்த ஸ்டுடியோ அண்ணன்தான். “ஏழாயிரம்னா எனக்குக் கட்டுப்படி ஆகாதுப்பா” என்றார். கோபமில்லாமல், உள்ளதைச் சொன்னார். அவருடைய விலைப்பட்டியலில் நான் இன்னும் ‘இலவச’ வரியாகத்தான் இருந்தேன், இலவசத்துக்கு அவர் ஏழாயிரம் தரமுடியாது. நோட்டை அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, தன் கேமராக்களுக்கு இப்படி ஒரு கணக்கை அவரும் போட்டதில்லை என்றார். இருந்தாலும் பாதிக்கு மேற்பட்ட முகூர்த்தங்களுக்கு அவர் வேறு பையன்களை அழைத்துக்கொண்டார். அவர்களில் சிலர் 3,000-க்குப் போகிறார்கள். அந்தப் பையன்கள்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, அவர்கள் என் வேலையை எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக இல்லை; நான் மஞ்சுக்குள் பறந்த அந்தக் காலையில் என்ன மனநிலையில் இருந்தேனோ, அதே மனநிலையில் அவர்கள் ஒவ்வொரு மண்டபத்தின் மேலும் பறக்கிறார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் என் நோட்டைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். இரண்டு பேர் விலையை ஏற்றியிருக்கிறார்கள்.

புதிய விலையின் முதல் ஆண்டில் பறந்த நாட்கள் 68 ஆகக் குறைந்தன. சமவெளியில் 48, மலையில் 20. வரவு 5,26,000. வேண்டியிருந்த தொகைக்குப் பதினான்காயிரம் குறைவு, ஆனால் பேட்டரிகளும் இறக்கைகளும் குறைவாகவே தேய்ந்தன, மலைப் பாதையில் வண்டியும் குறைவாகவே ஓடியது.

எடுத்த முழுப் பதிவையும் கேட்பவர்கள் பற்றி ஒன்று மட்டும் சொல்லவேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். ஆகவே எதைக் கொடுக்கிறோம், அதை எங்கே பயன்படுத்தலாம், விளம்பரத்துக்கு என்றால் எவ்வளவு என்பதை வேலைக்கு முன்பே தாளில் எழுதிக்கொள்வதுதான் வழி. பிறகு பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

இப்போது என் தாளில் காத்திருப்புக் கூலி என்று ஒரு வரி இருக்கிறது. மலைக்கு வந்து, வானிலையால் பறக்காமல் திரும்பினால் பாதித்தொகை. இந்த வரியை ஏற்கவைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். 2025 பங்குனியில் வேறொரு எஸ்டேட்டிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். கோடை மழை பெய்து ஒரு வாரம் கழித்துக் காபிச் செடிகள் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும், மூன்று நான்கு நாட்களில் வாடிவிடும். அதற்குள் எடுத்தாகவேண்டும். காத்திருப்புக் கூலியைத் தொலைபேசியிலேயே சொன்னேன். அந்த அம்மா சற்று யோசித்துவிட்டு, “மழை பெய்யாம தோட்டத்துல சும்மா நின்ன நாளுக்கும் நாங்க ஆளுங்களுக்குக் கூலி குடுத்திருக்கோம், வாங்க” என்றார்.

முதல் நாள் விடியலில் பத்தடி தள்ளி நின்ற மரம் தெரியவில்லை. பெட்டியைத் திறக்கவே இல்லை. அவர்கள் வீட்டுத் திண்ணையில் காபி குடித்துக்கொண்டு, பூ வாசனை மட்டும் மஞ்சுக்குள்ளிருந்து வருவதை உணர்ந்தபடி ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் எந்தப் படபடப்பும் இல்லை. மறுநாள் ஆறரை மணிக்கு வானம் திறந்தது. மேல்சரிவின் உச்சிக்கே நடந்துபோய், அங்கிருந்து ட்ரோனைக் கிளப்பிக் கீழ்நோக்கிப் பறக்கவிட்டேன். மூன்று பேட்டரிகளில் வேலை முடிந்தது. ரசீதில் முதல் நாளுக்கு 4,750, இரண்டாம் நாளுக்கு 9,500 என்று இரண்டு வரிகளாக எழுதிக் கொடுத்தேன்.