சோடா மூடியும் மலேரியாவும்

அண்ணன் மகள் பதினொன்றாம் வகுப்பு சேரப் போகிறாள். பயாலஜி குரூப்பா, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பா என்று வீட்டில் ஒரு வாரமாக ஒரே பஞ்சாயத்து. "ரெண்டும் பிடிக்குது சித்தப்பா" என்றவளிடம் மனு பிரகாஷ் கதையைச் சொன்னேன்.

கான்பூர் ஐஐடியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர், எம்ஐடியில் இயற்பியல் பக்கம் போய், இப்போது ஸ்டான்ஃபோர்டில் உயிரிப் பொறியியல் பேராசிரியர். உகாண்டாவில் ஒரு சுகாதார நிலையத்தில், வேகமாகச் சுற்றி ரத்தம் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் மெஷினைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறார். கரண்ட் இல்லை, வேறென்ன செய்வார்கள்?

கரண்ட் இல்லாமலே அந்த வேலையைச் செய்ய அவர் ஒரு கருவி செய்தார். சின்ன வயதில் சோடா மூடியைக் கல்லால் தட்டித் தட்டையாக்கி, ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோர்த்து விர்ரென்று இழுப்போமே, அதே சங்கதிதான். மூடிக்குப் பதில் காகித வட்டு. அந்த நூல் முறுக்கேறுவதைப் புரிந்துகொள்ள டிஎன்ஏ இழை முறுக்கேறும் கணக்கை அவர் குழு இரவல் வாங்கியது, எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த இடம். 2017இல் வெளியான அந்தக் கருவிக்கு 20 சென்ட் செலவு, 2 கிராம் எடை, கையால் இழுத்தே நிமிடத்துக்கு 1,25,000 சுற்று. ஒன்றரை நிமிடத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா தனியாக நிற்கும், 15 நிமிடம் சுற்றினால் மலேரியா ஒட்டுண்ணியையே பிரித்துவிடலாம்.

கதை முடிந்ததும் அவளுக்கு உடனே சோடா மூடி வேண்டுமாம். இப்போது எல்லாமே பிளாஸ்டிக், எங்கே போவது? அப்புறம் என் பழைய சட்டைப் பொத்தானைப் பிய்த்துத்தான் செய்து கொடுத்தேன். குரூப் இன்னும் முடிவாகவில்லை.