மவுஸ் கடைசியில் சொன்ன இடத்தில் நின்றது

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு மவுஸ் தானாக நகர்ந்து போய் 'ஸ்கேன்' பட்டன் மேல் நச்சென்று உட்கார்ந்தது. ஒன்பது நாள் மல்லுக்கட்டு. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டதால் பீற்றிக்கொள்ள ஆளில்லை, இங்கே எழுதுகிறேன்.

தாத்தா கோலார் தங்கவயலில் எடுத்த நெகட்டிவ்கள் இரண்டு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. ஸ்கேனரோடு வந்த மென்பொருளில் ஒவ்வொன்றுக்கும் ப்ரிவ்யூ, ஸ்கேன், சேவ் என்று அதே மூன்று கிளிக். பைன்புட் என்ற பைத்தான் லைப்ரரியில் மவுஸைக் கவனிக்கும் லிஸனரால் அதைப் பதிந்து, அதிலேயே மவுஸை நகர்த்தும் கன்ட்ரோலரால் திருப்பி ஓட்டலாம் என்று இறங்கினேன்.

இடது மேல் மூலையில் இருந்த ப்ரிவ்யூ சரியாக விழுந்தது. கீழே வரவர விலகல் கூடிக்கொண்டே போனது. மவுஸ் எங்கே என்று கன்ட்ரோலரைக் கேட்டால் 1200, 640-இல்தான் (இடமிருந்து, மேலிருந்து பிக்சல் கணக்கு) நிற்கிறேன் என்று சாதிக்கிறது. மவுஸைக் கையால் லேசாக அசைத்தால் லிஸனர் 1500, 800 பக்கம் என்கிறது. ஒரே லைப்ரரி, இரண்டு வாய்! வகுத்துப் பார்த்தால் 1.25. லேப்டாப்பில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் டிஸ்ப்ளே ஸ்கேலிங் 125%. டிபிஐ (அதாவது இந்த ஸ்கேலிங் விவகாரம்) தெரியாத புரோகிராமுக்கு விண்டோஸ் 1920×1080 திரையை 1536×864 என்று சொல்லிச் சமாளிக்கிறது. லிஸனருக்கு அசல் பிக்சல் வருகிறது, கன்ட்ரோலர் சுருக்கிய கணக்கில் ஓடுகிறது.

1.25-ஆல் வகுத்து ஒட்டுப் போட்டேன். ஒரு நாள் ஓடியது. ஸ்கிரீன்ஷாட்டுக்காக பைஆட்டோஜியுஐ என்ற இன்னொரு லைப்ரரியை இம்போர்ட் செய்தேன், கிளிக்கெல்லாம் இப்போது குறியை எட்டாமல் முன்னாலேயே விழ ஆரம்பித்தது. மூன்று சாயங்காலம் போனது. அது இம்போர்ட் ஆகும்போதே 'நான் டிபிஐ தெரிந்தவன்' என்று விண்டோஸிடம் சொல்லிவிடுகிறது. என் வகுத்தல்தான் இப்போது வில்லன். அதை எடுத்ததும் சரி.

இதற்கு நடுவில் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய மானிட்டர் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் தமிழில் பேசியதால் பேரம் சுலபம் என்று நினைத்தேன். 'அண்ணா, உங்களுக்காகத்தான்' என்று சொல்லியே நூறு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. பேனல் மட்டும் நன்றாக இருக்கிறது. அதில் ஸ்கேலிங் 100%. ஸ்கேன் ஜன்னலை அங்கே இழுத்ததும் பழைய கதை.

ஏனென்றால் பைஆட்டோஜியுஐ சொல்வது முதன்மைத் திரையின் ஸ்கேலிங்கை மட்டும் வைத்து. ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனியாக வேண்டுமானால் விண்டோஸின் ஷ்கோர் டிஎல்எல் ஃபைலில் இருக்கும் செட்-பிராசஸ்-டிபிஐ-அவேர்னெஸ் என்ற கட்டளைக்கு 2 கொடுக்க வேண்டும். கொடுத்தேன். ஒன்றும் மாறவில்லை. எரர்கூட இல்லை. அந்த வரி திருப்பித் தரும் எண்ணை அச்சிட்டுப் பார்த்தால் -2147024891. அதாவது அனுமதி மறுப்பு! ஒருமுறை முடிவானதை அந்த பிராசஸில் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில்) விண்டோஸ் மறுபடி மாற்ற விடாது. பைத்தானிலிருந்து டிஎல்எல்லைக் கூப்பிடும் சிடைப்ஸ் அதைக் கத்திச் சொல்லவும் சொல்லாது. ஒழுங்காக இம்போர்ட்டுகளுக்குக் கீழே எழுதியதுதான் தப்பு. அந்த வரியை ஃபைலின் உச்சியில், பைஆட்டோஜியுஐ-க்கும், என் ஜன்னலை வரையும் டிகேஇன்டருக்கும் முன்னால் வைத்தேன். 0 வந்தது. இரண்டு திரையிலும் குறி தப்பவில்லை. மானிட்டர் லேப்டாப்புக்கு இடப்பக்கம் இருப்பதால் எக்ஸ் மைனஸில் வருகிறது, அதையும் கன்ட்ரோலர் ஏற்றுக்கொண்டது.

பக்கவிளைவு ஒன்று: என் டிகேஇன்டர் ஜன்னல் லேப்டாப்பில் சின்னதாகிவிட்டது, எழுத்தெல்லாம் கடுகு. அதை அப்புறம் பார்க்கலாம்.

எக்ஸ், ஒய் ஆயங்களே வேண்டாம், பைவின்ஆட்டோ என்ற வேறொரு லைப்ரரியால் பட்டன் பெயரை வைத்தே பிடிக்கலாம் என்றும் முயன்றேன். இந்த மென்பொருள் பட்டன்களைத் தானே வரைந்துகொள்கிறது போல, அதற்கு வெறும் ஜன்னல்தான் தெரிகிறது. அதைவிட அவசரம், சுருண்டு கிடக்கும் நெகட்டிவ்களைத் தட்டையாக்க மெல்லிய கண்ணாடி வெட்டி வாங்க வேண்டும். சிவாஜிநகரில் ஃபிரேம் போடுகிற கடையில் கேட்டுப் பார்க்கணும்.

இதுவரை ஓடியது 36 நெகட்டிவ். சேவ் பெட்டியில் பெயர் அடிப்பது இன்னும் கையால்தான்.