பன்னிரண்டாம் தெருத் துணிக்கடை

அமெரிக்க அதிபராக இருந்த ஹாரி ட்ரூமன் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு ஹிரோஷிமாதான் நினைவுக்கு வரும், அது நியாயமும்கூட. ஆனால் அவருடைய வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் கவனம் 1919 நவம்பரில் கான்சாஸ் சிட்டியின் பன்னிரண்டாம் தெருவில் அவர் திறந்த ஆடவர் துணிக்கடையின் மீதே போய் நிற்கிறது. அவருடைய ராணுவ வாழ்க்கை அரசியலாக மாறிய இடம் அதுதான் என்பது என் எண்ணம்.

மிசூரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் என்ற சிற்றூரில் வளர்ந்த ட்ரூமன், கல்லூரிப் பட்டம் பெறாதவர். வங்கியில் எழுத்தராக இருந்துவிட்டுப் பத்தாண்டுகள் குடும்பப் பண்ணையில் உழுதவர். 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது அவருக்கு வயது 32, கண்ணாடி இல்லாமல் பார்வையும் தெளிவாகத் தெரியாது. வீட்டிலேயே இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஓக்லஹோமா பயிற்சி முகாமில் கேன்டீன் பொறுப்பு வந்தபோது, துணி வியாபாரம் அறிந்த எடி ஜேக்கப்சன் என்ற யூத இளைஞரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, வீரர்களிடம் தலைக்கு 2 டாலர் வசூலித்து முதல் போட்டு, அதை நல்ல லாபத்தில் நடத்தினார்.

பிரான்சில் டி பேட்டரி என்ற பீரங்கிப் பிரிவுக்கு அவர் கேப்டனானார். அதிலிருந்தவர்கள் பெரும்பாலும் கான்சாஸ் சிட்டியின் ஐரிஷ் கத்தோலிக்கர்கள், எந்த அதிகாரிக்கும் அடங்காதவர்கள் என்று பேர் வாங்கியவர்கள். 1918 ஆகஸ்டில் வோஜ் மலையில், ஜெர்மன் குண்டுகள் விழத் தொடங்கியதும் ஒரு சார்ஜன்ட் ஓடச் சொல்லிக் கத்த, பலர் ஓட்டம் பிடித்தனர். ட்ரூமன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு வாயில் வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் கொட்டித் தீர்த்தார். கண்ணாடி போட்ட, சாதுவான அந்த மனிதரிடம் இத்தனை வசவுகளை எதிர்பாராத வீரர்கள் திரும்பி வந்தனர். அதற்குப் பின் அவர் சொல்லை யாரும் தட்டவில்லை.

ஊர் திரும்பிய அந்த வீரர்கள்தான் ஜேக்கப்சனோடு சேர்ந்து அவர் திறந்த கடையின் முதல் வாடிக்கையாளர்கள். பட்டுச் சட்டை, டை, தொப்பி வாங்கினார்கள். கையில் காசில்லாதபோது அரட்டைக்கு வந்தார்கள், கைமாற்றும் கேட்டார்கள். முதல் ஆண்டு வியாபாரம் நன்றாகவே நடந்தது. பிறகு விளைபொருள் விலை சரிந்து மந்தம் வந்தபோது, உச்ச விலைக்கு வாங்கி அடுக்கிய சரக்கு பாதி விலைக்கும் போகவில்லை; 1922-இல் கடை மூடப்பட்டது. ஜேக்கப்சன் 1925-இல் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். ட்ரூமன் கொடுக்க மறுத்து, ஆண்டுக்கணக்கில் கடனை அடைத்துவந்தார்.

அவரை அரசியலுக்கு அழைத்ததும் படைத் தொடர்புதான். உடன் பணியாற்றிய ஜிம் பெண்டர்காஸ்ட், அந்நகர அரசியலைக் கைக்குள் வைத்திருந்த குடும்பத்தின் பிள்ளை. 1922-இல் ஜாக்சன் கவுண்டி நிர்வாகப் பதவிக்கான கட்சி வேட்பாளர் தேர்தலில் 300-க்கும் குறைவான வாக்குகளில் ட்ரூமன் தப்பிப் பிழைத்தபோது, அவருக்காக அலைந்தவர்கள் பழைய பேட்டரிக்காரர்கள். பெண்டர்காஸ்ட் கும்பலின் ஊழலை அவர் அறியாதவர் என்று சொல்ல முடியாது. கண்டும் காணாமல் இருந்தார் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பல லட்சம் டாலர் சாலைப் பணிகள் அவர் கையால் நடந்தபோதும் அவருடைய சொந்தக் கடன் தீரவில்லை. 1940-இல், அவர் செனட்டராக இருக்கும்போதே, தாயாரின் பண்ணை அடமானக் கடனுக்காகக் கைவிட்டுப் போயிற்று.

கடை போனாலும் கூட்டாளியின் நட்பு போகவில்லை. 1948 மார்ச்சில், தனி யூத நாட்டுக்கு ஆதரவு தேடிவந்த யூதத் தலைவர் கைம் வைஸ்மனைச் சந்திக்க மறுத்துக்கொண்டிருந்த அதிபர் ட்ரூமனிடம் ஜேக்கப்சன் நேரில் போய் மன்றாடினார். மே 14 அன்று அமெரிக்கா இஸ்ரேலை அங்கீகரித்ததற்கு அதுவே காரணம் என்பது மிகை. தேர்தல் கணக்கு உட்பட வேறு பல காரணங்கள் இருந்தன. ஆனாலும் வெள்ளை மாளிகையில் பலர் சொல்லிக் கேட்காத ட்ரூமன், பழைய கூட்டாளியின் வழுக்கைத் தலையைச் சொல்லி ஒரு வசவு வைத்துவிட்டு, வைஸ்மனைப் பார்க்கச் சம்மதித்தார்.