காகத்தின் இறகும் பச்சை வளையங்களும்

நாங்கள் உயர்தரம் படித்த 1992இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. அந்த விளக்கை வைத்தே எங்கள் பௌதிகவியல் மாஸ்டர் இலத்திரனின் அலைநீளத்தைப் படிப்பித்தார்.

ஒரு பின்னேர வகுப்புக்குக் காகத்தின் இறகொன்றோடு வந்தார். "கண்ணோடை ஒட்டிப் பிடிச்சு விளக்கைப் பார்" என்றார். ஒரு சுடர் பல சுடராகி, இரு பக்கமும் நிறக் கரைகளோடு நின்றது. நெருக்கமான இழைகளுக்குள்ளால் வரும் ஒளி விரிகிறது. கோணல் என்பது இதுதான். சரி, இலத்திரனும் அலையென்றால் அதற்கேற்ற இறகுக்கு எங்கே போவது? பளிங்குக்குள் வரிசையாய் நிற்கும் அணுக்கள்தான் அந்த இறகு என்றார்.

அப்புறம் நியூயோர்க் கதை. 1925இல், நிக்கலில் இலத்திரன்களை மோதவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கப் பௌதிகவியலாளர் டேவிசனின் ஆய்வுகூடத்தில் திரவக் காற்றுப் போத்தல் வெடித்து வெற்றிடக் குழாய் உடைந்தது. சூடாயிருந்த நிக்கலில் ஒட்சைட்டுப் படிந்தது. அதைப் போக்க நெடுநேரம் சூடாக்கியதில் நிக்கலின் சிறு பளிங்குகள் சேர்ந்து பெரிதாகிவிட்டன; இலத்திரன்கள் தெறிக்கும் விதமே மாறிப்போனது. 1927இல் அவரும் கூட வேலை செய்த ஜேர்மரும் ஒற்றைப் பளிங்கை வைத்துத் திருத்தமாக அளந்தார்கள். 54 வோல்ற்றில், 50 பாகைத் திசையில் இலத்திரன்கள் குவிந்து வந்தன.

மடக்கை அட்டவணையோடு நாங்களே கணக்கைச் செய்தோம். அணு வரிசைகளின் இடைவெளி 2.15 அங்ஸ்ரம் (ஒரு அங்ஸ்ரம் மீற்றரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), சைன் 50ஆல் பெருக்க அளவீட்டின்படி அலைநீளம் 1.65. இலத்திரனின் அலைநீளம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று சொல்லும் டி புறோக்லியின் சமன்பாட்டில் 54 வோல்ற்றைப் போட 1.67. இரண்டு எண்களும் கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இலண்டன் வந்து பல்கலைக்கழகத்தில்தான் இலத்திரனின் கோணலைக் கண்ணால் கண்டேன். இருட்டறை. குழாய்க்குள் இலத்திரன்கள் ஊடுருவிப் போகும் மெல்லிய காரீய (கிராபைற்) படலம். 4000 வோல்ற்றில் திரையில் இரண்டு பச்சை வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. கண்ணாடியில் கலிப்பரை வைத்து அளந்தேன்: உள்ளே இரண்டரைச் சென்ரிமீற்றர், வெளியே நாலேகால். கணக்குப் பார்க்க அலைநீளம் 0.19 அங்ஸ்ரம் வந்தது. வோல்ற்றளவைக் கூட்டக் கூட்ட வளையங்கள் சுருங்கின. திரும்பத் திரும்பக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்றிரவே மாஸ்டருக்குக் கடிதம் எழுதினேன். மறுமொழி வர மூன்று மாதமாயிற்று. எத்தனையோ வருடம் படிப்பித்தவர், அந்த வளையங்களை ஒருநாளும் பார்த்ததில்லை. சுகம் விசாரித்த கையோடு கேட்டிருந்தார்: "பச்சை எண்டு எழுதியிருக்கிறாய். என்ன மாதிரிப் பச்சை? வடிவாய் எழுது."