திபேரியாவில் ரபி மெயிரின் சமாதியும் ஒரு தர்மப் பணச் சச்சரவும்

இஸ்ரேலின் கலிலேயாவுக்குப் போகும் நம்மூர் யாத்திரைக் குழுக்கள் பல திபேரியாவில்தான் தங்குகின்றன. காலையில் படகு, அப்புறம் கப்பர்நகூம் என்று வண்டி கிளம்பிவிடும். ஊருக்குத் தெற்கே, வெந்நீர் ஊற்றுகளுக்கு மேலே ஏரியைப் பார்த்தபடி இருக்கும் ரபி மெயிரின் சமாதி திட்டத்திலேயே இருக்காது. வழிகாட்டியிடம் கேட்டுத்தான் அங்கே போனேன்.

ரபி மெயிர் 2ஆம் நூற்றாண்டின் பெரிய யூதப் போதகர், ரபி அகிவாவின் சீடர். யூதர்களின் பழைய போதனைத் தொகுப்பான தல்மூதில் அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ரோமர் பிடித்து வைத்திருந்த தன் மனைவியின் சகோதரியை மீட்க, ஒரு பை நிறையக் காசோடு போகிறார். “காசு தீர்ந்துபோனால் நான் என்ன செய்வது?” என்கிறான் காவலாளி. “மெயிரின் தேவனே, எனக்குப் பதில் தாரும் என்று சொல்” என்கிறார் அவர். பொருளைத் தொலைத்த யூதர்கள் இன்றும் அவர் பேரில் தர்மம் செய்து அதே ஜெபத்தைச் சொல்கிறார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி. சங்கீதப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து அழுதுகொண்டிருந்த ஒரு பாட்டியின் பக்கத்தில் நானும் நின்று ஜெபித்தேன்.

ரபி மெயிர் பேரில் உண்டியல் வைக்காத யூத வீடு ஐரோப்பாவில் ஒருகாலத்தில் அபூர்வம். வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் விளக்கேற்றும் முன் பெண்கள் அதில் காசு போடுவார்கள். அது எருசலேம், எப்ரோன், சபேத், திபேரியா ஆகிய நான்கு ஊர்களின் ஏழைகளுக்குப் போய்ச் சேரும்.

இந்தப் பணத்தை வைத்துத்தான் ஒரு வேதனையான பிளவு வந்தது. 1777-இல் வீதெப்ஸ்க் ரபி மெனாகெம் மெந்தெலும் காலிஸ்க் ரபி ஆபிரகாமும் ஹசிதியர்களை (யூதரின் ஒரு பக்தி இயக்கத்தார்) அழைத்துக்கொண்டு இஸ்ரேல் தேசத்துக்கு வந்து, பிறகு திபேரியாவில் குடியேறினார்கள். பிழைக்க வழியில்லை. சொந்த நாட்டிலேயே தங்கிவிட்ட நண்பர் ரபி ஷ்னேயர் சல்மான் கிராமம் கிராமமாக வசூல் செய்து அனுப்பினார். 1798-இல் அவரை ரஷ்ய அரசு கைது செய்தபோது, இஸ்ரேல் தேசத்தை அப்போது ஆண்ட துருக்கிக்குப் பணம் அனுப்புகிறார் என்பதும் ஒரு குற்றச்சாட்டு. ஏழைக்கு அனுப்பிய காசுக்காகச் சிறை! அவர் விடுதலையான நாளை அவருடைய வழிவந்தவர்கள் இன்னும் கொண்டாடுகிறார்கள்.

மெனாகெம் மெந்தெல் 1788-இல் இறந்தபின் பொறுப்பு ஆபிரகாமிடம் வந்தது. 1796-இல் ஷ்னேயர் சல்மானின் ‘தன்யா’ என்ற ஆன்மிக நூல் அச்சானதும் ஆபிரகாம் கண்டித்து எழுதினார்: எண்ணெய் மிகுந்தால் விளக்கு அணைந்துவிடும், எளிய ஜனத்துக்கு இவ்வளவு ஞானம் வேண்டாம் என்று. சச்சரவு வசூலுக்கும் பரவியது. யார் திரட்டுவது, யார் கையில் கொடுப்பது என்ற கேள்வியில் பழைய நண்பர்கள் பிரிந்தார்கள். வசூல் இரண்டுபட்டது. பெர்திச்சேவின் ரபி லேவி யித்ஸ்ஹாக் சமாதானம் பேசியும் முறிவு ஒட்டவில்லை.

எனக்கு இருவர்மேலும் பக்தி உண்டு. ஒருவர் பசியோடு பிரார்த்தித்தவர், மற்றவர் அந்தப் பசியைத் தீர்க்கச் சிறை போனவர். ஆனாலும் நடுவில் கிடந்த திபேரியாவின் விதவைகளை நினைத்தால் மனசு ஆறவில்லை. அவர்களுக்கு வேண்டியது ரொட்டி, அது யார் கையால் வந்தால் என்ன?

ஊருக்குள் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்துக்கும் போனேன். மெனாகெம் மெந்தெலும், 1810-இல் இறந்த ஆபிரகாமும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். ஷ்னேயர் சல்மானின் கல்லறை தொலைவில், உக்ரைனின் ஹாதியாச்சில் இருக்கிறது. மூவர் பேரையும் சேர்த்துச் சொல்லி, சகோதரர் ஒருமித்து வாழ்வதைப் பாடும் 133ஆம் சங்கீதத்தை வாசித்தேன்.

போக நினைப்பவர்கள் வெள்ளி மாலையையும் சனிக்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். சில்லறை கையில் இருக்கட்டும், உண்டியலில் போடலாம். ஷ்னேயர் சல்மான் தொடங்கிய ‘கொலேல் சபாத்’ என்ற தர்ம நிதி இன்றும் இஸ்ரேலில் ஏழைகளுக்கு உணவு கொடுத்துவருகிறது.