மாவுக்கட்டுக் காலும் ஆயிரம் வருடக் குப்பையும்

விடுப்பு வாங்கியாகிவிட்டது, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது மாடிப்படியில் கால் பிசகி, கணுக்காலில் மாவுக்கட்டு. இனி கட்டிலும் மடிக்கணினியும்தான் என்றானதும், சரி, நேரில் போக முடியாத பல்கலைக்கழக நூலகங்களுக்கு இணையம் வழியாகவாவது போய் வருவோம் என்று கிளம்பினேன். இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். வழி தவறினேன், பூட்டிய கதவு முன் நின்றேன், ராத்தூக்கம் கெட்டது. வேறென்ன வேண்டும்?

முதல் நிறுத்தம் கேம்பிரிட்ஜ். 2011 டிசம்பரில் நியூட்டனின் கையெழுத்துத் தாள்களை அவர்கள் இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். எல்லோரும் முதலில் திறப்பது அவருடைய புகழ்பெற்ற நூலைத்தான். நான் 'வேஸ்ட் புக்'கில் மாட்டிக்கொண்டேன். வணிகர்கள் பேரேட்டில் ஏற்றுவதற்கு முன் அவசரமாகக் குறித்து வைப்பார்களே சிட்டை, அந்தப் பொருளில் வைத்த பெயர். நோட்டு அவருடையதுகூட இல்லை. மாற்றாந்தந்தை பர்னபாஸ் ஸ்மித் பாதிரியார். இறையியல் குறிப்பெடுக்க நினைத்துத் தலைப்புகளைப் போட்டுவிட்டு, பெரும்பாலான பக்கங்களை வெறுமனே விட்டுப் போனார். வீணாகக் கிடந்த அந்தத் தாளில்தான் 1664 வாக்கிலிருந்து மகன் கணக்குப் போடுகிறார். நுண்கணிதம் அங்கே உருவாவதைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். மேலே பாதிரியாரின் தலைப்பு, கீழே வளைகோடு. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் மை பரவியதும் தாளின் நாரும் தெரிகின்றன. முழுப் படமும் ஒரேயடியாக வந்து இறங்குவதில்லை. சின்னச் சின்ன சதுரங்களாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நாம் பார்க்கும் இடம் மட்டும் வருகிறது. பல படங்களின் ஓரத்தில் ஒரு வண்ண அட்டையும் அளவுகோலும் இருக்கும். திரைக்குத் திரை நிறம் மாறினாலும் அசல் நிறம் இதுதான் என்று அந்த அட்டை சாட்சி சொல்லும். எடைக்கும் வாசனைக்கும் அப்படி ஓர் அட்டை இல்லை என்பதுதான் குறை.

அதே தளத்தில் அடுத்த வாசல் கெனிசா. நியாயமாக ஒரு மணி நேரத்தில் முடிக்க நினைத்தேன். நான்கு ராத்திரி போயிற்று. பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத்தில், பென் எஸ்ரா யூத வழிபாட்டுக்கூடத்தில் ஓர் அறை, அதற்குத்தான் கெனிசா என்று பெயர். கடவுளின் பெயர் எழுதிய தாளை எறியக்கூடாது என்பதால், பயன்படாமல் போன தாள்களை அதற்குள் போட்டார்கள். போகப்போகக் கடவுள் பெயர் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் போட்டிருக்கிறார்கள். இப்படி ஏறத்தாழ ஆயிரம் வருடம். 1896இல் அக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்ஸன் என்ற இரட்டைச் சகோதரிகள் வாங்கி வந்த ஏடு ஒன்றைப் பார்த்துத் திகைத்த கேம்பிரிட்ஜ் யூத அறிஞர் சாலமன் ஷெக்டர், அந்தக் குளிர்காலமே கெய்ரோவுக்குப் போனார். அங்கிருந்து கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தவை இன்று சுமார் 1,93,000 துண்டுகள். பெட்டிகளுக்கும் தாள் குவியலுக்கும் நடுவே அவர் நெற்றியில் கையூன்றி உட்கார்ந்திருக்கும் புகைப்படம் உண்டு. வீடு மாற்றியவர்களுக்கு அந்த முகம் புரியும்.

திருமண ஒப்பந்தம், கடன் பத்திரம், மருந்துக் குறிப்பு, எழுதிப் பழகும் குழந்தைக்கான அரிச்சுவடி. மொழி அரபு, எழுத்து ஹீப்ரூ என்று பல தாள்கள். ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகர் 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வெண்கலப் பட்டறை வைத்திருந்தார். அரபுக் கரையின் ஏடன் துறைமுகத்திலிருந்து கூட்டாளிகள் அவருக்கு எழுதிய கடிதங்களில் சரக்கு விவரத்தோடு அன்பளிப்புப் பட்டியலும் வரும். அதில் எழுதுதாளும் ஒன்று. இவர் இருந்த கரையில் தாள் அரிது. அதனால் வந்த கடிதத்தின் முதுகிலேயே தன் கணக்கையும் எழுதிக்கொண்டார். நியூட்டனுக்கு ஐந்நூறு வருடம் மூத்த சிக்கனம்!

இதில் ஒரு வேடிக்கை. குப்பையிலிருந்து கொண்டுவந்த சரக்கிலேயே ஒரு பகுதியைக் குப்பை என்று ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் பெட்டிகள் 1950களில்தான் ஒழுங்காகத் திறக்கப்பட்டன. நல்லவேளை, ஒதுக்கியவர்கள் எறியவில்லை. ஒரே கடிதத்தின் பாதி ஓர் ஊரிலும் மீதி வேறோர் ஊரிலும் கிடப்பதும் உண்டு. இப்போது இரண்டையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கேம்பிரிட்ஜை விட்டுக் கிளம்பும் முன் டார்வின். 1837இல் 'நான் நினைக்கிறேன்' என்று எழுதி, உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைப்பதைக் காட்ட, கீழே மரம்போல் ஒரு கிறுக்கல் போட்டாரே, அந்தச் சிறு நோட்டையும் அதன் ஜோடியையும் 2000 நவம்பரில் படம் பிடிக்க வெளியே எடுத்தார்கள். 2001 தொடக்கத்தில் பார்த்தால் இடத்தில் இல்லை. எங்கோ மாற்றி வைத்திருப்போம் என்று வருடக்கணக்கில் தேடினார்கள். 2020இல்தான் திருட்டாக இருக்கலாம் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். 2022 மார்ச்சில் நூலகர் அறைக்கு வெளியே இளஞ்சிவப்பு அன்பளிப்புப் பை ஒன்று கிடந்தது. உள்ளே இரண்டு நோட்டும் பத்திரமாக, கூடவே நூலகருக்கு ஈஸ்டர் வாழ்த்து. இடைப்பட்ட இருபது சொச்சம் வருடமும் அந்த மரம் உலகத்துக்குப் படமாக மட்டுமே இருந்தது.

யேல் பல்கலைக்கழகத்தில் அதிகம் தங்கவில்லை. யாராலும் படிக்க முடியாத வோய்னிச் சுவடியைப் புரட்டினேன், எனக்கும் புரியவில்லை. வின்லாந்து வரைபடம்தான் பிடித்தது. வட அமெரிக்கக் கரையைக் காட்டும் அது, கொலம்பஸுக்கு முந்தையது என்று கொண்டாடப்பட்டது. மையில் 1920களுக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்த டைட்டானியம் கலவை இருப்பதைக் காட்டி, போலிதான் என்று 2021இல் யேலே அறிவித்தது. இருந்தும் வெளியே தள்ளவில்லை.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கதவு பூட்டு. எழுத்தாளர் சல்மான் ருஷ்டியின் பழைய மேக்கின்டாஷ் கணினி ஒன்றை அவர் விட்டுவைத்த திரையோடு அப்படியே இயங்கும் நகலாக்கியிருக்கிறார்கள். ஆனால் அங்குள்ள வாசிப்பறையில் போய் உட்கார்ந்தால்தான் பார்க்கலாம். காகிதத்துக்குத் திறந்த கதவு கணினிக்கு மூடியிருந்தது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

கடைசியாக சான்டா பார்பராவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். இசைத்தட்டுக்கு முன்பு ஒலியைப் பதிந்து வைத்த உருளைகள், பத்தாயிரத்துக்கும் மேல், இலவசமாகக் கேட்கலாம். இசைக்குழுக்களைத் தாண்டி, வீட்டில் தாங்களே பதிந்த மெழுகு உருளைகள் இருக்கும் பக்கத்துக்குப் போனேன். பழைய கருவியில் ஒவ்வொரு தடவை போடும்போதும் ஊசி மெழுகைக் கொஞ்சம் தேய்க்கும். ஆசையாகத் திரும்பத் திரும்பக் கேட்ட வீடுகளின் உருளைகளே சீக்கிரம் அழிந்திருக்கும். எண்ணெய் காய்வதுபோல் ஓர் இரைச்சல், அதற்குள்ளிருந்து யாரோ குழந்தையைப் பேசச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். குழந்தை பேசவில்லை. பின்னால் யாரோ சிரிக்க ஆரம்பிக்கிறார்கள். மெழுகில் இடம் தீர்ந்து, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.